ஐந்து குண்டா, ஒன்பது குண்டா

ஜூலை 7, திங்கள்

மேற்கே இருந்து கச்சான் காற்று. ஏரி முழுக்கக் கலங்கல். பத்து மணிக்குமேல்தான் இறங்க முடிந்தது. இறால் அரைப் பறி, கூடையில் பாதிதான். பக்கத்திலேயே சேற்றைத் தடவிக்கொண்டு வந்த கன்னியம்மா அக்காவுக்கு முழுப் பறி. கொஞ்சம் பொறாமை.

(இந்த டைரி மருந்துக் கடையில் கொடுத்தது. போன வருடத்தது. கிழமையை அடித்து அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.)

வாங்க: நைலான் நூல், வேப்பெண்ணெய், அவருக்கு மாத்திரை.

ஏழுமலை இன்றும் தண்ணீரில் இறங்கவில்லை. (இனி ஏ. என்று மட்டும். வீட்டுக்காரர் பெயரை முழுதாக எழுதக் கூச்சமாக இருக்கிறது.) இடது கையில் கெளுத்தி முள் ஏறி இரண்டு மாதம். வீக்கம் வடிந்துவிட்டது, உணர்ச்சி மட்டும் வரவில்லை. பிடி இருக்கிறது, குடம் தூக்குகிறார். ஆனால் சூடு, குளிர், வழவழப்பு, சொரசொரப்பு, எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. காலையில் கொதிக்கிற டீ டம்ளரை அதில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துப் பிடுங்குவதற்குள் தோல் சிவந்துவிட்டது. “சூடாவா கீது?” என்று கேட்கிறார். அழுகை வந்தது. அழாமல் திட்டிவிட்டேன்.

கையால் இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். சேற்றில் ஒரு கை விரட்டும், ஒரு கை பிடிக்கும். ஒரு கை போதாது. வலை கட்டலாம் என்றால் அதற்கு ஊர் ஊராக முறை பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் எங்களுக்கு இடமில்லை.

அனுப்பம்பட்டில் குடோன் காவல் வேலை இருக்கிறதாம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அங்கேயே தங்கல், மாதத்தில் இரண்டு நாள் வீடு. போகிறேன் என்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்த இரண்டு மாதம் தவிர நான் தனியாக ஏரியில் இறங்கியதே இல்லை. போகவேண்டாம் என்று வாய்வரை வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

காற்று அடங்கிவிட்டது. தண்ணீர் தெளிவு, முழங்கால் அளவு.

திரும்பி வந்து பார்த்தால் ஏ. வாசலில் சவுக்குக் கழி சீவிக்கொண்டிருக்கிறார். வில்லாம்! கரையோரம் மேய வருகிற மடவை மீனை அம்பு விட்டு அடிக்கப் போகிறாராம். வில்லைப் பிடித்துக்கொள்ள இடது கை போதும், நாணை இழுப்பது வலது கை. சின்ன வயதில் அடித்திருக்கிறாராம். இரண்டு மாதத்தில் இன்றுதான் முகத்தில் களை. எனக்குள்ளே ஒரே சந்தோஷம். காட்டிக்கொள்ளவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

கன்னியம்மா அக்கா: “இன்னாப்பா, பறவ அடிக்கக் கெளம்பிட்டியா? பாரெஸ்ட்காரன் வந்து தூக்கினு பூடுவான்.”

“பறவைய நான் தொடுவனாக்கா? மீனுக்குத்தான்.”

அம்புக்கு மூங்கில் குச்சி கிடைத்துவிட்டது. முனைதான் தலைவலி. வெல்டிங் கடையில் மூன்று விதமாகச் செய்து வாங்கி வந்திருக்கிறார். ஒன்று குடைக் கம்பி. ஒன்று பழைய கேட்டில் வெட்டிய கம்பி. ஒன்று கட்டடக் கம்பி. மூன்றிலும் மீன் நழுவாதபடி எதிர்முள். எடை பார்க்க அக்காவின் தராசு: ஒரு தட்டில் முனை, மறு தட்டில் வலையில் கோக்கிற ஈயக்குண்டு.

குடைக் கம்பி – 2 குண்டு
கேட் கம்பி – 5
கட்டடக் கம்பி – 9

மூன்றையும் அம்பில் செருகித் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். 2 தண்ணீரின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடியது, ஓட்டாஞ்சில்லு எறிந்த மாதிரி. 9 பத்தடி போவதற்குள் தலை கவிழ்ந்து விழுந்தது. 5 நேராகப் போய் நேராக இறங்கியது. “அஞ்சுதான்யா,” என்றேன். மறுபேச்சில்லாமல் சரி என்றார். எங்கள் வீட்டில் இப்படி நடப்பது அபூர்வம், அதனால் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

வெயில். இறால் முக்கால் பறி.

ஏ. பின்னாலேயே தண்ணீருக்கு வந்தார். வில்லோடுதான், ஆனாலும் வந்தார். நான் தடவிக்கொண்டு போக, அவர் இருபதடி தள்ளி நாரை மாதிரி நின்றார். முதல் ஆறு அம்பும் வீண். பிறகு அவருக்கே நினைவு வந்தது: மீன் தெரிகிற இடத்தில் மீன் இல்லை, ஒரு சாண் கீழே குறி வைக்கவேண்டும். ஏழாவதில் ஒரு மடவை. உள்ளங்கை நீளம்தான். அதைத் தூக்கிக் காட்டின ஜோரைப் பார்க்கவேண்டுமே.

குழம்பு வைத்தேன். தலை அவருக்கு. தட்டை வழித்துச் சாப்பிட்டார். அனுப்பம்பட்டுப் பேச்சு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. நேற்று முழங்கால் இருந்த இடத்தில் இன்று தொடைக்குமேல்.

எல்லாம் கெட்டது. 5 குண்டு அம்பு அவ்வளவு தண்ணீரில் கீழே போவதற்குள் வேகம் செத்துவிடுகிறது. ஒரு பெரிய மடவையின் முதுகில் பட்டது, அது சும்மா உதறிவிட்டுப் போய்விட்டது. காலை முழுக்க ஒன்றுகூட இல்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “பௌர்ணமிக்குத் தண்ணி ஏறும்னு தெரியாதாய்யா? வத்தின தண்ணில விட்டுப் பாத்து எட போட்டுகினு…”

ஏ. என்னைப் பார்த்தார். “மறந்துட்டேன்மே,” என்றார். அவ்வளவுதான்.

பிறை பார்த்துத் தண்ணீர் சொல்கிற மனுஷன் அவர். கன்னியம்மா அக்காகூட அவரிடம் கேட்டுத்தான் இறங்குவார். இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்ததில் அது கையை விட்டுப் போயிருக்கிறது. எடை போட்ட அன்று எனக்கும் ஞாபகம் வரவில்லையே, அவரை மட்டும் எதற்குக் குத்திக்காட்டினேன்? நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூலை 12, சனி

மேகம். இறால் சுமார். கணுக்காலில் சிப்பி கிழித்துவிட்டது, மஞ்சள் வைத்தேன்.

சண்டை. ஆழத்துக்குக் கனமான 9தான் என்கிறார் அவர்; தண்ணீர் வடியும், 5 போதும் என்கிறேன் நான்.

“ஒம்போது தூரம் போவாதுய்யா.”

“தூரம் இன்னாத்துக்கு? மீன் கிட்ட வர்ற வரிக்கும் நிக்கிறேன்.”

“நீ நிப்ப. மீன் வரணுமே? அப்டியே வந்தாலும் அது சேத்துக்குள்ள பூந்துக்கும், அம்பத் தேடறதே பொழப்பா பூடும்.”

எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து பையில் இரண்டு சட்டை, லுங்கி, மாத்திரை எல்லாம் மடித்து வைத்தார். ஆணியில் மாட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

இறங்கவில்லை. துணி துவைத்தேன். பை ஆணியிலேயே. அந்தப் பக்கம் பார்க்காமல் வீடு பெருக்கினேன்.

ஜூலை 14, திங்கள்

விடியற்காலை தூறல், பிறகு நல்ல வெயில். தண்ணீர் கொஞ்சம் வடிந்து தொடைக்குக் கீழே.

ஏ. 9 குண்டு முனையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். கடைசி நாள், என்னத்தைச் சொல்வது என்று நானும் பின்னால்.

அசையாமல் நின்றார். ரொம்ப நேரம். நான் இறாலை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மடவைக் கூட்டம் அவர் காலருகே வந்தது. விட்டார். மீன் தப்பிவிட்டது. அம்பு சேற்றுக்குள் போய்விட்டது, இழுத்தெடுக்க அதில் கட்டியிருந்த நூலும் அறுந்துவிட்டது. நான் சொன்னபடியே நடந்தது. ஆனால் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

குனிந்து வலது கையால் துழாவினார். மோவாய் வரைக்கும் தண்ணீர். கிடைக்கவில்லை. அந்தக் கை ஓய்ந்ததும் வில்லை அதற்கு மாற்றிக்கொண்டு இடது கையை விட்டார். அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன். வியாழக்கிழமை பேசினதே போதும்.

கொஞ்ச நேரம் துழாவினார். அப்புறம் கை நின்றுவிட்டது.

“சில்லுனு கீதுமே.”

“இன்னாது?”

“கம்பி. அடியில சேறே சில்லுனு கீது. மேல வெதுவெதுன்னு கீது.”

வில் அவருடைய வலது கையில் இருந்தது. தண்ணீருக்குமேல், என் கண்ணெதிரே.

அம்பை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் கையை மறுபடி உள்ளே விட்டார். எடுத்தார். விட்டார். எடுத்தார். நான் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். கன்னியம்மா அக்கா தூரத்திலிருந்து, “இன்னாடீ, முள்ளு குத்திச்சா?” என்று கத்தினார்.

என் 5 குண்டு அம்பாக இருந்தால் சேற்றுக்குமேலேயே நின்றிருக்கும்.

விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறதாம். உள்ளங்கையில் மட்டும் தெரிகிறதாம். இறால் உள்ளங்கைக்குத்தானே வரும் என்கிறார்.

நாளைக்கு: அனுப்பம்பட்டுக்கு போன். பையில் இருக்கிற மாத்திரையை வெளியே எடுத்து வைக்க. பறி இரண்டு.