பாட்டிலில் எழுதிய தேதி

என்னங்க,

கடல் ஆராய்ச்சிப் பயிற்சி நேற்றோடு முடிந்தது. படகிலிருந்து தண்ணீர் பிடித்த ஒவ்வொரு பாட்டிலிலும் ஆழம், நேரம், தேதி எழுதி ஒட்ட வேண்டும். கடைசி பாட்டிலில் நம் மகளின் பிறந்த தேதியை எழுதிவிட்டேன்.

“என்னம்மா, ஆறு வருஷத்துப் பழைய தண்ணியா?” என்றார் பயிற்சியாளர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். தேதி தப்பானால் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; எனக்கு மனசு வரவில்லை.

நான் கிளம்பும்போது நீங்கள் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் பேருந்து வரை தூக்கி வந்தீர்கள். அவளுக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா?

ஆராய்ச்சிக் கப்பலில் வேலை தருகிறார்கள். படிவத்தில் சேரும் தேதி மட்டும்தான் பாக்கி. பேனாவை வைத்தால் கை எந்தத் தேதியை எழுதுமோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா