உவமையிலிருந்து என் கணவரை விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
மைக் அண்ணன் என்று ஊரார் அழைப்பவரின் மனைவி,
ஒலிபெருக்கிக் கடை மாடி வீடு,
பழைய அச்சகச் சந்து.

பெறுநர்:
மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்கள்,
சட்டப் பேரவை வளாகம்.

பொருள்: நிதிநிலை அறிக்கை மீதான விவாதத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர் கையாண்ட உவமை ஒன்றை அவைக்குறிப்பிலிருந்து நீக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கையுடன் பேரவைச் செயலகத்துக்கு நேரில் சென்று, வாய்மொழியாக மறுக்கப்பட்டுத் திரும்பியது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவள் அல்லள். இம்மனுவை யாருடைய தூண்டுதலின் பேரிலும் எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1. என் கணவர் பொதுக்கூட்டங்களுக்கு மைக் செட் போடுபவர். எங்கள் தொகுதி உறுப்பினர் முதன்முதலாகப் பேச எழுந்த கூட்டத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். அந்த நாற்காலிகளுக்கும் கேட்கும்படி அவருக்கு மைக் வைத்தவர் என் கணவர். அதன்பின் வேறு ஆள் மைக் வைத்தால் தமக்குப் பேச்சே வராது என்று உறுப்பினர் சொல்லத் தொடங்கினார். "நான் வெறும் நாக்கு, அண்ணன்தான் என் தொண்டை" என்று மேடையிலேயே அறிவித்து, என் கணவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அன்று வீட்டுக்கு வந்த மனிதர் தட்டில் போட்டதைத் தொடாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2. உறுப்பினர் உவமை இல்லாமல் வாய் திறக்கமாட்டார் என்பது தாங்கள் அறியாததல்ல. குடிநீர்த் திட்டத்தைக் குழந்தை என்பார். குழந்தைகளை விதை என்பார். உண்மையாகவே வெள்ளம் வந்து எங்கள் சந்து முழங்கால் வரை நனைந்தபோது, அதை எதிர்க்கட்சி என்றார். ஈரப் புடவையோடு நின்று நாங்களும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் என் கணவருக்குப் பங்கு உண்டு. உறுப்பினர் ஓர் ஒப்புமையை நெருங்குவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 'போல' என்றோ 'மாதிரி' என்றோ வந்து விழுவதற்குச் சற்று முன்பாக ஒலிக் குமிழை மெல்லத் திருகிக் கூட்டுவார். ஆரவாரம் அடங்கியதும் குறைப்பார். நான் வீட்டில் கோபமாகக் கத்தினால்கூட, என்னைப் பார்த்து விரல்களால் காற்றில் குமிழைத் திருகிக் குறைத்துக் காட்டிச் சிரிப்பார்.

3. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. அது 'சரி'. அறிவுக்கோ காதுக்கோ ஒரு குறையும் இல்லை. பிறகு வீட்டில் நாங்கள்தான் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டோம். பால் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று சேர்த்துக் கேட்கக் கூடாது. தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேண்டுமென்றால் 'சரி' என்பார். வேண்டாமென்றால் வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனம்தான் எங்கள் வீட்டில் 'வேண்டாம்'. வீம்பு, சலிப்பு, கிண்டல் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் ஏற்றிச் சொல்வார். மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் போன பிறகு அவர் இழுத்து இழுத்துச் சொன்ன 'சரி'க்கு நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார், இந்தச் சொல் மட்டும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எச்சரித்திருந்தார்.

4. உறுப்பினர் பார்க்க வந்தார். புகைப்படக்காரர் எவரையும் கூட்டி வரவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விழுந்த கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கேட்டதால், 'சரி'யைப் பற்றி நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு மனிதரிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். "அண்ணே, மறுபடியும் எனக்கு மைக் வைக்க வருவீங்கல்ல?" என்று கேட்டார். என் கணவர் 'சரி' என்றார். உறுப்பினர் அழுதார். அது பொய் அழுகை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

5. நிதிநிலை அறிக்கை விவாதத்தில் உறுப்பினர் பேசப் போகிறார் என்று தெரிந்ததும், என் கணவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, மகள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள். உறுப்பினர் எதிர்க்கட்சித் தலைவரை நோக்கிச் சொன்னவை வருமாறு: "எங்க தொகுதியில ஒருத்தர் பக்கவாதத்துல படுத்த படுக்கையா கிடக்கிறார். எதைக் கேட்டாலும் சரிங்கிறார். வீட்டை இடிக்கட்டுமான்னு கேட்டாலும் சரிங்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் அவர்களே, நீங்களும் இன்னிக்கு அந்த ஆள் மாதிரிதான் கிடக்கிறீங்க." மேசைகள் தட்டப்பட்டன. அவையே சிரித்தது. தாங்களும் புன்னகைத்ததைத் தொலைக்காட்சியில் கண்டேன். ஐயா, நான் அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டேன். 'மாதிரி' என்ற சொல் வருவதற்குச் சற்று முன், என் கணவரின் இடது கை விரல்கள் போர்வையின் மேல் மெல்லத் திரும்பின. பழக்க தோஷத்தில் ஒலியைக் கூட்டிவிட்டார். அது தம்மைப் பற்றிய பேச்சு என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. விரல்கள் பாதியில் நின்றன. அவற்றை நான் மடக்கி என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

6. எதிர்க்கட்சியினர் எழுந்து கூச்சலிட்டபோது, யாரோ ஒருவராவது எங்களுக்காகப் பேசுகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். எங்கள் தலைவரைப் போயும் போயும் ஒரு நோயாளியோடு ஒப்பிடுவதா என்பதே அவர்களுடைய புகார். தாங்களும் அதை ஏற்று, எதிர்க்கட்சித் தலைவரைக் குறித்த வாக்கியத்தை நீக்க உத்தரவிட்டீர்கள். அச்சான அவைக்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். எதிர்க்கட்சித் தலைவர் இருந்த இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. என் கணவர் அப்படியே படுத்துக் கிடக்கிறார். யாரை ஒப்பிட்டார்களோ அவருடைய மானம் காக்கப்பட்டுவிட்டது. எவரைக் கொண்டு ஒப்பிட்டார்களோ அவர் யாருக்கும் மனிதராகத் தெரியவில்லை.

7. மேற்படி பேச்சில் பிழையும் உள்ளது. என் கணவர் எதைக் கேட்டாலும் 'சரி' என்பவர் அல்லர். வேண்டாததற்கு அவர் ஒருநாளும் 'சரி' சொன்னதில்லை. வீட்டை இடிக்கட்டுமா என்று எவரும் அவரைக் கேட்டதுமில்லை. இவை இரண்டும் உறுப்பினருக்கு நன்றாகத் தெரியும், முதலாவதை நானே சொல்லியிருந்தேன்.

8. அன்றிலிருந்து என் கணவர் 'சரி' என்று சொல்வதை நிறுத்திவிட்டார். பாலுக்கும் இல்லை, தண்ணீருக்கும் இல்லை. ஜன்னலைத் திறக்கட்டுமா என்றாலும் பதில் இல்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி அவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறார். எது உண்மையான வேண்டாம், எது வாய் திறக்கக் கூசுவது என்று தெரியாமல், முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் புகட்டுகிறேன். பயிற்சி அம்மையாரும் கையைப் பிசைகிறார். எங்கள் கடை வாசலில் நிற்கும் பையன்கள் எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவனை 'மைக் அண்ணன்' என்று கூப்பிடுகிறார்கள். மாடி வரை கேட்கிறது. அந்தப் பெயரை மரியாதையாக மட்டுமே கேட்டுப் பழகிய மனிதர் அவர்.

9. உறுப்பினரை அவருடைய அலுவலகத்தில் சந்தித்தேன். அன்பாகவே பேசினார். "அண்ணி, அது ஒரு உவமைதானே, அண்ணன் மேல பாசம் இல்லாமலா சொல்லுவேன்" என்றார். பெயரைக்கூடச் சொல்லவில்லையே என்றார். பெயர் சொல்லாமலே சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது என்றேன். சற்று யோசித்து, அடுத்த கூட்டத்தில் அண்ணனைச் சிங்கத்துக்கு ஒப்பிட்டுப் பேசிச் சரிக்கட்டிவிடுவதாக உறுதியளித்தார். காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

10. செயலகத்து அதிகாரி, உறுப்பினர்களுக்கு இழுக்கு நேர்ந்தால்தான் நீக்க விதியுண்டு, உங்கள் கணவர் உறுப்பினர் அல்லர், பெயரும் இல்லை, இல்லாத பெயரை எப்படி நீக்குவது என்று கேட்டார். விதியை நான் படித்ததில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, என் கணவரைப் பற்றிய மூன்று வாக்கியங்களையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கி, அங்கும் புள்ளிகள் வைக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். தலைவருக்கு வைத்த அதே புள்ளிகள் போதும். என் கணவரைச் சிங்கம் என்றோ மலை என்றோ எவரும் பேசக் கூடாது என்றும் உறுப்பினருக்கு அறிவுறுத்த வேண்டும்.

மேடையில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் அதிலும் ஓர் உவமை வரும். அதற்குப் பதிலாக, அவர் ஒருமுறை எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்து, வாசலிலேயே நின்று, "அண்ணே, உள்ள வரட்டுமா?" என்று கேட்க வேண்டும். 'சரி' என்று பதில் வந்தால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை நானே எடுத்துப் போடுவேன். பதில் வராவிட்டால் அதற்கு என்ன பொருள் என்பது அவருக்கு நான் சொன்னதுதான். திரும்பிப் போய்விட வேண்டும்.

இம்மனுவை முழுவதும் என் கணவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் முதன்முறையாக அவர் சொல்லை மீறுகிறேன்.

நாள்: கூட்டத்தொடரின் கடைசி வாரம், திங்கட்கிழமை
இடம்: அவருடைய கட்டிலருகே

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மைக் அண்ணனின் மனைவி