மாப்பிள்ளையின் ஒன்பது திருகாணிகள்

எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன், மாப்பிள்ளை. நம் தோட்டத்து மேட்டில் ஒரு நாள் தப்பு மேளம் மாதிரி வட்டமாக ஒரு வெள்ளை ஆண்டெனா ஏறும், அதற்குப் பிறகு கீழ் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே போன் பேசலாம் என்று முதன்முதலில் சொன்ன வாய் இந்த வாய்தான். போன செவ்வாய்க்கிழமை ஏற்றிவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நீங்கள் பேசிவைத்த கம்பெனி இல்லை. ஆனால் இடம் அதே இடம். உங்கள் ஆண்டெனா முக்காலியை நாம் நட்டு வைத்த அதே பாறை ஓரம். ஏற்ற வந்தவர்களிடம் போய், "இந்த இடத்தைக் குறித்துக் கொடுத்ததே நான்தான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மறுநாள் ஃபேக்டரியில் இலை உருட்டும் மெசினுக்கு அடியில் படுத்திருந்தபோது என் சட்டைப் பையில் போன் அடித்தது. முப்பது வருடமாக அங்கே ஃபிட்டர் வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் அங்கே போன் அடித்ததில்லை. எழுந்த வேகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். பேசியது உங்கள் மனைவி, என் தங்கை.

"அண்ணே, கேக்குதா? வாசல்லருந்து பேசறேன்! தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறலண்ணே!"

"கேக்குது, கேக்குது. நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

"ம், சொன்னீங்கண்ணே" என்றாள். பிறகு, "சாயங்காலம் வாங்க. அவரு பெட்டிய இன்னிக்குத்தான் திறந்தேன்" என்றாள்.

போன வருடம் உங்கள் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன பிறகு, அவள் மலையிறங்கிப் போய் வாழ்ந்த கீழ்நாட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் பழைய லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். உங்கள் பழைய தகரப் பெட்டி மட்டும் கட்டின கயிறு அவிழ்க்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். தெரியாது. தெரிந்திருந்தால் அன்று சாயங்காலம் அவ்வளவு தெம்பாக நடந்து போயிருக்க மாட்டேன்.

நீங்கள் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வருகிறது. "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று எங்கள் தோட்டத்துக் கிராணி கேட்டார். பெரிய ஆபீஸ் கணக்குப்பிள்ளை, அவருக்குத் தெரியாத விஷயம் தோட்டத்தில் கிடையாது. நீங்கள் உள்ளதை உள்ளபடி, "குழாய் செய்யறேன் சார்" என்றீர்கள்.

"தண்ணிக் குழாயா?"

"இல்ல சார், சிக்னல் போற குழாய்."

"அட, அவ்ளோ படிச்சுட்டு பைப்பு வேலையா? அப்ப நம்ம ஆபீஸ் பாத்ரூமையும் ஒருக்கா பாத்துடுங்க மாப்பிள்ள."

வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். காப்பி குடித்த கையோடு நிஜமாகவே போய் அந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு வந்தீர்கள். என் தங்கை அப்போதே சரி சொல்லிவிட்டாள். எனக்குத்தான் மானம் போய்விட்டது. மறுநாளிலிருந்து, என் மாப்பிள்ளை ராக்கெட்டுக்கு வேலை செய்கிறவர் என்று ரிங்லெட் டவுன் கடைத்தெரு வரைக்கும் பரப்பினேன். உங்கள் காதுக்கு வந்தபோது, "மச்சான், ராக்கெட்டெல்லாம் இல்ல. டவருக்குள்ள போற ஒரு பெட்டி. கையளவு" என்றீர்கள்.

"கையளவுன்னா யாரு மாப்பிள்ள மதிப்பா?"

அந்தக் கையளவுப் பெட்டியை ஒரு விடுமுறைக்குக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசையில் பிரித்துக் காட்டினீர்கள். அலுமினியக் கட்டி, நடுவில் பிளந்து இரண்டு பாதி. உள்ளே கடைந்தெடுத்த ஒரு கால்வாய். அதில் ஐந்து சின்ன அறைகள், அறைக்கும் அறைக்கும் நடுவே ஒடுங்கிய வாசல். அலை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். அறையின் அளவுக்குப் பொருந்துகிற அலை மட்டும் தாண்டும், மற்றதெல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். "தேத்தண்ணி வடிகட்டிதான் மச்சான். சக்கை நிக்கும், சாயம் எறங்கும்" என்றீர்கள். மேட்டுக்குப் பின்னால் நிற்கிற பழைய டவர் எந்நேரமும் போடுகிற இரைச்சலை வடிகட்டினால்தான் நம் லயத்துக்கு ஒரு சின்னக் குரலை இறக்க முடியும் என்றும் சொன்னீர்கள்.

பெட்டியின் தலையில் ஒன்பது திருகாணிகள். ஒன்றை ஒரு மயிரிழை திருப்பினால் திரையில் தெரிகிற கோடு நெளியும். அந்தக் கோட்டில் ஐந்து பள்ளமும் ஒரே ஆழத்தில் விழும் வரை மூன்று மாதம் திருகியதாகச் சொன்னீர்கள். இது முடிந்ததும் டெரா ஹெர்ட்ஸ் என்று இன்னும் பொடி அலை ஒன்று இருக்கிறது, அதற்குக் குழாய் ஊசிக் காது அளவுக்கு வந்துவிடும் என்றீர்கள். "ஆனா அது நம்ம மலைக்கு ஆகாது மச்சான். இங்க இருக்கற ஈரத்துல கொஞ்ச தூரத்துலயே செத்துடும்." நான் எல்லாம் புரிந்தவன் மாதிரி, "ஈரம் பொல்லாதது" என்றேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறென்ன சொல்வது?

சோதனை நாளை நான் நூறு பேரிடம் நூறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு முடிந்தவரை ஒழுங்காகச் சொல்கிறேன். மேட்டில் புனல் மாதிரி ஒரு ஆண்டெனா, அதன் கழுத்தில் உங்கள் பெட்டி. கீழே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக் கொட்டகையில் இன்னொரு புனல், அதன் பக்கத்தில் வாக்கி டாக்கியோடு என் தங்கை. காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. நீங்கள் விசையைத் தட்டினீர்கள்.

"வருதுங்க! நல்லா வருதுங்க! பள்ளத்துல உக்காந்திருக்கேன், பக்கத்து ரூம்ல பேசற மாதிரி வருது!" என்று அவள் கத்தினாள். நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தீர்கள். துடைத்து மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தீர்கள்.

அந்த வடிகட்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே சாயங்காலம் வரை தாங்கினால் போதும், உங்கள் பல வருட வேலை ஒரு கரை சேரும். அவர்களுடைய காருக்கு நம் தோட்டத்து மண் சாலை ஆகாது என்று ரிங்லெட்டிலேயே நின்றுவிட்டார்கள். நீங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு கூட்டிவரப் போனீர்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை நிறுத்திவிட்டுப் போனீர்கள்.

அதற்குள் வேடிக்கை பார்க்க மேட்டில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். சரி, பதினைந்து பேர். கிராணியும் வந்தார்.

"என்ன ஃபிட்டரு, மாப்பிள்ள ஒன்ன காவலுக்கு வச்சுட்டுப் போயிட்டாரா?"

"காவலா? இதுல பாதி என் கை வேலைலா!"

"அப்படியா? அப்ப அந்தப் பாதிய ஓட்டிக் காட்டு, பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் திருகாணிகளைப் பார்த்தேன். ஒன்று உயரம், ஒன்று பள்ளம், ஒன்று பாதி வெளியே நிற்கிறது. என் தொழில் என்ன? தினமும் காலையில் மெசின் ஓடுவதற்கு முன் ஸ்பானாவோடு ஒரு சுற்றுப் போய், ஆட்டத்தில் தளர்ந்த நட்டையெல்லாம் முடுக்குவது. தளர்ந்த நட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வந்ததில் உங்கள் திருகாணிகள் கழன்றுவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். தொடக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருக்கவில்லை. ஒன்பதையும் ஒரே மட்டத்துக்கு, அழகாக, வரிசையாக முடுக்கி வைத்தேன்.

நீங்கள் அந்த இருவரோடு திரும்பியபோது பனியும் கூடவே ஏறி வந்தது. விசையைத் தட்டினீர்கள்.

"ஒண்ணும் வரலைங்க," என்றது தங்கையின் குரல். "இரைச்சல் மட்டுந்தான். நான் எதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

நீங்கள் குனிந்து வெகுநேரம் பெட்டியையே பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "மச்சான், யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரும் தொடல மாப்பிள்ள. பனி. பனிதான்."

இந்த மலையில் எது கெட்டாலும் பனி மேல் போடுவது எங்கள் வழக்கம். மோட்டார் கிளம்பவில்லையா, பனி. தோசை மாவு பொங்கவில்லையா, பனி. கல்யாணத்துக்கு மேளக்காரர் வரவில்லையா, அதற்கும் பனி. நீங்கள் கீழ்நாட்டுக்காரர், நம்பிவிட்டீர்கள். வந்தவர்கள் மரியாதையானவர்கள்; தேத்தண்ணி குடித்துவிட்டு, மழைக்கு முன் இறங்க வேண்டும் என்று கிளம்பினார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. கிராணி மட்டும் அன்று சாயங்காலம் கடை வாசலில் என்னைப் பார்த்து, "இன்னிக்குப் பனி ரொம்ப ஜாஸ்தி, என்ன ஃபிட்டரு?" என்றார். நான் காது கேட்காதவன் மாதிரி நடந்தேன்.

நீங்கள் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறி உங்களுக்குப் போன் போடுவேன். பேச்சுவாக்கில் மெல்லக் கேட்பீர்கள்: "மச்சான், அன்னிக்குப் பனி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? பெட்டி மேல ஈரம் நின்னுச்சா, ஓடுச்சா?" என் வாய்க்குக் கேட்க வேண்டுமா? கிழக்கே இருந்து வந்தது என்பேன். பெட்டி மேல் முத்து முத்தாக நின்றது என்பேன். அடுத்த வாரம், மேலே திரிங்காப் ஊர்ப் பக்கமிருந்து ஒரு குளிர்காற்று அடித்தது, மறந்துவிட்டேன் என்பேன். நீங்கள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வீர்கள். தாளில் பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். எதற்கு எழுதுகிறார் இந்த மனுசன் என்று நினைத்ததுண்டு.

செவ்வாய்க்கு மறுநாள் சாயங்காலம் அதுவும் தெரிந்துவிட்டது. தங்கை பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பக்கம் பக்கமாகக் கணக்கு, வளைகோடு. நடுநடுவே, "மச்சான் சொன்ன தகவல்" என்று அடிக்கோடிட்டு, கிழக்குப் பனி, முத்து முத்தான ஈரம், திரிங்காப் காற்று. என் வாயில் பிறந்த பொய்யெல்லாம் உங்கள் அழகான கையெழுத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தது. அலுமினியம் எந்தக் குளிரில் எவ்வளவு சுருங்கும் என்று கணக்கு. உள்ளே ஈரம் படிந்தால் கோடு எவ்வளவு நகரும் என்று கணக்கு. குளிரில் சுருங்காத வேறு உலோகத்தில் செய்தால் எப்படி இருக்கும் என்று படம். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: "பனி இவ்வளவு செய்யாது. நான்தான் எதையோ விட்டிருக்கிறேன்."

தங்கை அந்த வரியில் விரலை வைத்தாள். "கணக்கு எனக்குப் புரியாது. இது புரியுது. நாலு வருசமா ராத்திரி சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டு இதையேதான் யோசிப்பாரு. நீங்க அங்கேயே நின்னவரு. சொல்லுங்கண்ணே, அவரு எத விட்டாரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா, மாப்பிள்ளை? "பெரிய பெரிய ஆளுங்களுக்கே கணக்குத் தப்பும் தங்கச்சி" என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். "வர்ற மாசம் வருசத் திதி. பேப்பருக்கு ஒரு நினைவு மடல் எழுதிக் குடுங்க. நீங்கதான் நல்லா கதை சொல்லுவீங்க" என்றாள். குத்திச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்திப் பேசவே வராது, உங்களுக்குத்தான் தெரியுமே.

இதுவரை எழுதியதை மடித்து அவளிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தொழில் பழக்கத்தில் தெரியாமல் செய்த தப்பு, பயத்தில் வாய் திறக்காமல் விட்டது. ஊர் மன்னித்துவிடும். அவளும் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு மூன்றாம் நாள் சோறு போடுவாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அவள் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து தாளைப் பிரித்துவிட்டேன். தங்கச்சி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அவர் எதையும் விடவில்லை. கணக்கு முழுக்கச் சரி. பேப்பரில் வரட்டும், கிராணியும் படிக்கட்டும்.

தொடக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை என்று எழுதினேனே, மாப்பிள்ளை, அது நான் கட்டிய கதை. சொன்னீர்கள். முதல் நாள் சொன்னீர்கள், காலையில் சொன்னீர்கள், ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "மச்சான், ஸ்க்ரூ ஒன்பதையும் மட்டும் தொட்டுடாதீங்க" என்று மூன்றாம் தடவையும் சொன்னீர்கள். ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்து பெட்டி வரைக்கும் என் தங்கையின் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்திருந்தீர்கள். கோடு உடைந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதையும் எனக்கு விளக்கியிருந்தீர்கள். கிராணி "ஓட்டிக் காட்டு" என்றபோது எல்லாம் தெரிந்துதான் திருகினேன். முதல் ஒன்றைக் கால் சுற்று. கூட்டம் வாயைப் பிளந்தது. அடுத்ததையும் திருகினேன். அப்படியே ஒன்பதையும் முடுக்கிவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பார்த்தபோது, எதை எத்தனை சுற்று திருகினேன் என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் உங்கள் சாமான் பெட்டிக்குள் அந்த நகச்சாயச் சீசாவைத் தேடி எடுத்தேன். உடைந்த கோடுகளைப் பேனாக்கத்தியால் சுரண்டிவிட்டு, ஒன்பதையும் புதிதாக இழுத்தேன். பனி ஏறுவதற்குள் காயுமா என்பது ஒன்றுதான் என் கவலை. காய்ந்துவிட்டது.

நீங்கள் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கோடாக விரல் நுனியால் தடவிப் பார்த்தீர்கள். "ஒண்ணுகூட அசையல மச்சான்" என்றீர்கள். நானும் பக்கத்தில் குனிந்து, ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, "ஆமா மாப்பிள்ள, அசையல" என்றேன்.