லாபியில் வைத்த கால்

வெண்ணந்தூர்
20.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் மகள் நிலாவும் சுகம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு பேரும் கத்துகிறோம். உங்கள் பக்கம் கம்ப்ரசர் சத்தம் வேறு. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் திருச்செங்கோடு ஆபீசில் கொடுத்தால், ஆள் மாற்ற வருகிற வண்டியில் உங்களுக்கு வந்து சேரும் என்றார்கள்.

ஆயுதபூஜை முடிந்து நீங்கள் போர் போடுகிற ரிக் வண்டி ஏறும்போதே சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். ராசிபுரத்தில் கபடி நடுவர் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். சனி, ஞாயிறு மட்டும். குருமூர்த்தி சார் என்று ஒருவர் சொல்லித் தருகிறார். பயிற்சியில் பெண் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் மாவட்டம் வரைக்கும் ஆடினவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வயதில் இனிமேல் ஆட முடியாது, விசில் ஊதலாம். தை மாதக் கடைசியில் திருச்சியில் தேர்வு.

பயிற்சிக்குப் போட வேண்டிய பேண்ட் என் அளவுக்குக் கடையில் கிடைக்கவில்லை, நானே தைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வீட்டுக் கோகிலவாணி அக்கா கேட்டார்: "ஏம்புள்ள, உனக்குப் பொழப்பே இல்லியா?"

"பொழப்பு இருக்குதுங்கக்கா. அது போக நேரமும் இருக்குது" என்றேன்.

செவலைப் பசு சினையாக இருக்கிறது. கிடாரி கன்றை விற்பதா வைத்துக்கொள்வதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தனப்பிரியா

ராய்கட் பக்கம்
6.11.2024

பிரியாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அறுநூறு அடி ஓட்டியும் தண்ணீர் இல்லை, வெறும் புழுதிதான் பறக்கிறது. தீபாவளிக்குக் கேம்ப்பில் கறிக்குழம்பு. உப்பு தூக்கல்.

கிடாரியை விற்க வேண்டாம். தாயைப் போலப் பால் வரும்.

அண்ணன் போன் பண்ணியிருந்தார். "உன்ற ஊட்டுக்காரி பேண்ட் போட்டுட்டுப் போறா, பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு ஒரு மாதிரி பேசறாங்க" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை. நான் தப்பாக நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் ஊருக்குள் இருக்கிறோம், பேசுகிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். கொஞ்சம் யோசித்துக்கொள்.

நிலாவை நன்றாகப் படிக்கச் சொல்.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரன்

வெண்ணந்தூர்
24.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மாரியம்மன் நோம்பி முடிந்தது. நடந்ததை உங்கள் அண்ணன் சொல்லியிருப்பார். நானும் சொல்லிவிடுகிறேன்.

நோம்பிக்கு வைத்த கபடியில் கடைசி ஆட்டம் நம் ஊருக்கும் மோகனூருக்கும். குருமூர்த்தி சார்தான் நடுவர். கிழக்கு ஓரக் கோட்டைப் பார்க்க என்னை நிறுத்தினார். முடிய அரை நிமிடம், இரண்டு பக்கமும் சமம். நம் ஊர்ப் பையன் கபடி பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கூட்டம் குதித்தது. நான் கையைத் தூக்கினேன்.

உங்களுக்குக் கபடி பழக்கமில்லை. களத்தின் இரண்டு ஓரத்திலும் லாபி என்று ஒரு பட்டை உண்டு. பாடிப் போகிறவன் யாரையும் தொடுவதற்கு முன்னால் அதில் கால் வைத்தால் அவுட். அவன் வைத்தான். என் முன்னால்தான் வைத்தான்.

சார் ஓடி வந்து கேட்டார்: "பார்த்தியாம்மா?"

"பார்த்தனுங்க சார். கால் வெச்சதுக்கு அப்புறந்தான் தொட்டாரு. அவுட்."

கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. உங்கள் அண்ணன் சின்னுசாமி விழாக் குழுவில் இருக்கிறார் அல்லவா, அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாரிடம் பேசினார். "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்னு இங்க நிறுத்துனீங்க? மாத்திச் சொல்லச் சொல்லுங்க." பின்னாலிருந்து ஒருவன், "சோறாக்க வேண்டியவ விசிலெடுத்தா இப்படித்தான்" என்றான். வேறு சிலர் சொன்னதை எழுதவில்லை. சார் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். ஒரு புள்ளியில் நம் ஊர் தோற்றது.

அன்றைக்கு அண்ணன் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் கறி வரவில்லை. நானே வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது நிலா கேட்டாள்: "அம்மா, அந்த அண்ணன் கால் வெச்சாரா, இல்லியா?"

"வெச்சாரு சாமி."

"அப்புறம் எதுக்கு உன்னையத் திட்றாங்க?"

"தோத்துட்டாங்கல்ல" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் பயிற்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பேச்சு இருந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அன்புடன்,
தனப்பிரியா

ராய்கட் பக்கம்
8.12.2024

பிரியாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நோம்பிக் கபடியை யாரோ எடுத்த வீடியோ போனில் வந்துவிட்டது. ரிக்கில் வேலை செய்யும் பையன்கள் எல்லோரும் பார்த்தார்கள். அண்ணன் திரும்பத் திரும்பப் போன் பண்ணுகிறார். ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்கிறார். மச்சான் ஈஸ்வர்கூட "என்னங்க மாப்ள, வூட்ல நீங்க சொல்றது எடுபடாதா?" என்று கேட்டுவிட்டான். நம் ஜனங்கள் கல்யாணம் காட்சிகளில் எப்படிப் பார்ப்பார்கள்? நாளைக்கு நிலாவுக்கு ஒரு காரியம் என்று வந்தால் என்ன சொல்வார்கள்?

இதோடு போதும். திருச்சிக்குப் போக வேண்டாம்.

ஜெகதீஸ்வரன்

வெண்ணந்தூர்
20.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்து வைத்துப் படித்தேன். அண்ணன் சொன்னது இருக்கிறது, ஈஸ்வர் சொன்னது இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் சொன்னது இருக்கிறது, நாளைக்கு யாரோ சொல்லப்போவதும் இருக்கிறது. அவர்கள் சொன்னதை நான் இங்கேயே நேரில் கேட்டுவிட்டேன். அதற்கு ராய்கட்டிலிருந்து ஒரு தபால் தேவையில்லை.

பதினாலு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். திட்டாகவே இருந்தாலும் சரி. உங்களுடையது என்றால் உட்கார்ந்து படிக்கிறேன்.

தேர்வுக்குப் பதிந்தாகிவிட்டது. போகிறேன்.

கிடாரி நன்றாகத் தீனி எடுக்கிறது.

தனப்பிரியா

ராய்கட் பக்கம்
5.1.2025

பிரியாவுக்கு,

நாலு நாளாக எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதுவது என்னுடையது.

எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே பிடிக்கவில்லை. அந்த வீடியோவில் உன்னைச் சுற்றி அத்தனை ஆட்கள் நின்று கத்துகிறார்கள். நீ யாரையும் தேடவில்லை. அழவில்லை. கையை இறக்கவும் இல்லை. அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வருடத்தில் முக்கால்வாசி நான் வெளியூரில். கன்றை விற்கலாமா, நிலாவை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நீ கேட்கும்போதுதான், நானும் அந்த வீட்டு ஆள் என்று தோன்றும். இனி எதற்கும் கேட்க மாட்டாயோ என்று பயம். இது சரியான பயமா என்று தெரியவில்லை. ஆனால் இருக்கிறது.

இன்னொன்று. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொடுவதற்கு முன்னால் அவன் கால் லாபியில்தான் இருந்தது. அண்ணன் மறுபடி போன் பண்ணியபோது அதை நான் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வர முடியாது. வேலை இருக்கிறது.

ஜெகதீஸ்வரன்

வெண்ணந்தூர்
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணம் இல்லை. தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது, பிறகு செவலை கன்று போட்டது. காளைக் கன்று.

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டேன். பிடிக்க வைக்க என்னால் ஆகாது. அதற்காக விடவும் மாட்டேன். மாட்டைப் பற்றி உங்களைக் கேட்பது, உங்களுக்கு மாடு தெரியும் என்பதால்தான். அதை இனியும் கேட்பேன். நிலாவைப் பற்றியும் கேட்பேன். களத்தில் நிற்கும்போது மட்டும் யாரையும் கேட்க முடியாது. அங்கே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

அண்ணனிடம் நீங்கள் சொல்லாதது எனக்கு வருத்தம்தான். சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன்.

திருச்சியில் வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், "வீட்டுக்காரர் சம்மதிச்சாராம்மா?" என்று கேட்டார். "அவருக்குப் பிடிக்கலீங்க. நீங்க விதியக் கேளுங்க, சொல்றேன்" என்றேன். கேட்டார். சொன்னேன். தேறிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி நீங்கள் வருவதாகத் திருச்செங்கோடு ஆபீசில் சொன்னார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்மம்பட்டியில் எனக்கு இரண்டு ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள். மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. நிலாவும் என்னோடு வருகிறாள். சாவி கோகிலவாணி அக்காவிடம் இருக்கும். சோறு வடித்து வைத்திருப்பேன், ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு ராசிபுரம் போனால் தம்மம்பட்டிக்கு பஸ் இருக்கிறது. வந்தால் மூன்று பேரும் சேர்ந்து திரும்பலாம். வராவிட்டால் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் படுங்கள். பொழுது சாய்வதற்குள் நாங்கள் வந்துவிடுவோம்.

அன்புடன்,
தனப்பிரியா