ஆண்டெனாவுக்குச் சில்வர் பெயிண்ட்

அன்புள்ள மாப்பிள்ளை,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பத்து நாளாகத் தினமும் காலையில் ரேடியோவில் உன்னைக் கூப்பிட்டேன். பதில் வராததால், உனக்குத் தலைக்கனம் என்று ஊரெல்லாம் சொன்னேன். நேற்றுத்தான் தெரிந்தது, நம் பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்ப ஆமத்தூர் தண்ணீர்த் தொட்டியின் மேல் நாம் வைத்த ரிப்பீட்டரே ஊமையாகக் கிடக்கிறது.

எல்லாம் நம் ரேடியோ சங்கத் தலைவர் லட்சுமிகாந்தத்தின் திருவிளையாடல். பட்டாசுக் கம்பெனி முதலாளி அல்லவா, அவருக்கு எல்லாமே மின்ன வேண்டும். ஆயுதபூஜைக்காக, ஆண்டெனாவின் ஃபைபர் குழாய்க்கு அலுமினியப் பவுடர் குழைத்த சில்வர் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. உலோகப் பூச்சைத் தாண்டி அலை எப்படிப் போகும்? கேட்டால், "எம்புட்டுப் பளபளன்னு இருக்கு பாருங்க! சிக்னலும் பளிச்சுன்னு வருமில்ல?" என்கிறார். நமுத்துப்போன சரவெடிக்குக்கூட இதைவிட மூளை உண்டு.

தீபாவளி சீசன் அவசரத்தில் நாரணாபுரம் பட்டாசு ஆலைகள் பக்கம் ஏதாவது வெடித்தால், செல்போன் நெரிசலில் செத்துவிடும். உதவி கேட்க நமக்கு இந்த ரிப்பீட்டர்தான் உண்டு. வேறு ஆண்டெனா பொருத்த உன்னை விட்டால் ஆளில்லை. உன்னைச் சங்கத்தை விட்டு நீக்கிய கூட்டத்தில் நான் வாய் திறக்காததை இப்போது பேச வேண்டாம். வா.

இப்படிக்கு,
உன் ஏணியைப் பிடித்துக்கொள்ளக் காத்திருப்பவன்

பின்குறிப்பு: பெயிண்ட் அடித்தது நான்தான், இரண்டு பூச்சு. தலைவர் ஒரு பூச்சு போதும் என்றார்.