நான்கு கொட்டை

6 ஜூலை 2025, ஞாயிறு

ஆன்டோவின் உரக்கடை மாடியில் வழக்கம்போல் நால்வர்: அவர், பக்கீர் முகம்மது, நான், என் தம்பி அன்பரசன். ஆட்டம் போக்கர். பணம் வைப்பதில்லை, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. வைப்பதும் ஏற்றுவதும் முதலிரு சுற்றுகளில் இரண்டிரண்டு கொட்டை, பின்னிரு சுற்றுகளில் நான்கு நான்கு. ஒரே தடவையில் அதற்கு மேல் ஏற்றி யாரும் யாரையும் மிரட்ட முடியாது. இரண்டும் என் நிபந்தனைகள்.

இன்று கையில் ஏஸும் ஆறும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் சீட்டுகளிலும் ஏஸ் விழுந்தது. இருப்பதிலேயே பெரிய ஜோடி. ஆனால் துணைச்சீட்டான ஆறு அற்பம். எதிரியிடமும் ஏஸ் இருந்தால் துணைச்சீட்டுதான் தீர்ப்புச் சொல்லும். தம்பி ஏற்றினான். சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன்.

"அண்ணன் பத்திரம் பாக்காம எதையும் தொடமாட்டாரு." ஆன்டோவிடம் சொன்னான். என்னிடம் அல்ல.

13 ஜூலை

விதியை எழுதி வைத்தேன்: துணைச்சீட்டு பத்துக்குக் கீழ் இருந்து, எதிரியும் ஏற்றினால், கவிழ்க்க.

விஜயலட்சுமி எட்டிப் பார்த்தாள். "சீட்டுக்கும் ஜி.ஓ. போட்டாச்சா?"

மனைவிக்கு எதிலும் கேலிதான்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு, ஆட்டம் இல்லை. படித்துறையில் தம்பி குடும்பத்தோடு நின்றான். பேசவில்லை. மேசையில் மட்டும்தான் பேச்சு: "பாக்குறேன்", "ஏத்துறேன்". நான்கு ஆண்டுகளாக இவ்வளவே.

2021 குறுவையில் அவன் மோட்டார் புகைந்துபோனது. என் போர்வெல்லிலிருந்து ஒரு வாரம் தண்ணீர் கேட்டான். பாகப்பத்திரப்படி போர் என் பங்கு. தண்ணீர் தருவது பற்றி ஒரு வரியும் இல்லை. அதைத்தான் சொன்னேன். சொன்னதில் பிழையில்லை. அவனுடைய நான்கு மா நிலத்துப் பயிர் கருகிப்போனது.

பிழையில்லை என்று இந்த நான்கு ஆண்டுகளில் ஏன் இத்தனை முறை எழுதியிருக்கிறேன்?

24 ஆகஸ்ட்

"அன்பு கனடாவுக்கே போறான், தெரியும்ல சார்? மவன் கூப்டுக்கிட்டான். வயல நம்ம ஐயாவுகிட்டக் குத்தகைக்கு விட்டாச்சு" என்றார் ஆன்டோ.

தெரியும் என்றேன். தெரியாது.

7 செப்டம்பர்

அவனுடைய கடைசி ஞாயிறு.

ஏஸும் ஏழும் வந்தன. மேசையில் ஏஸ், ஒன்பது, நான்கு. நானே பந்தயம் வைத்தேன். பக்கீர் முகம்மது முதலிலேயே விலகிவிட்டார். அடுத்த சீட்டில் ஆன்டோவும் விலகினார். தம்பி ஏற்றினான். விதிப்படி அங்கேயே கவிழ்த்திருக்க வேண்டும். ஏனோ, ஈடு கொடுத்தேன். கடைசிச் சீட்டு இரண்டு. அவன் மறுபடி நான்கு கொட்டைகளைத் தள்ளினான்.

"புளியங்கொட்டைதானே சார், தொறந்து பாருங்களேன்" என்றார் பக்கீர் முகம்மது.

தம்பி என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நாலுதாண்ணே."

கவிழ்த்தேன்.

தன் சீட்டுகளைத் திருப்பாமலே கட்டோடு கலந்துவிட்டான்.

10 செப்டம்பர், புதன்

நேற்று விமானம் ஏறிவிட்டான். என் வீட்டுக்கு வரவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். குவியலில் நாற்பத்திரண்டு கொட்டை. நான் போட வேண்டியிருந்தது நான்கு. பதினொரு முறையில் ஒரு முறை ஜெயித்தாலே நட்டமில்லை. அவ்வளவு பெரிய குவியலுக்கு முன் கவிழ்ப்பது மடத்தனம். கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக நிகழ்தகவு நடத்துகிறவன் நான். விதியை எழுதும்போது குவியலின் அளவை ஏன் சேர்க்கவில்லை?

அன்று விதிக்காகக் கவிழ்த்தேனா? அவனிடம் தோற்பதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமலா?

14 செப்டம்பர்

ஆட்டம் முடிந்ததும் ஆன்டோ மெதுவாகச் சொன்னார்.

"அவன்ட்ட ஒண்ணுமில்ல சார். ராஜாவும் ராணியும், ஜோடிகூடச் சேரல. பக்கத்துல இருந்தேன், பாத்தேன். அப்புறம் மாடிப்படில வச்சு சொன்னான். 'அண்ணன் மட்டும் நாலு போட்டுப் பாத்திருந்தா, அதச் சாக்கா வச்சு அவரு வீட்டுக்குப் போய் சொல்லிட்டுக் கிளம்பலாம்னு இருந்தேன்'னான்."

"அன்றே ஏன் சொல்லவில்லை?"

"காட்டாத சீட்ட யாரும் வெளில சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதி ஒட்டியிருக்கீங்க."

சுவரில் இருக்கிறது. என் கையெழுத்துதான்.

21 செப்டம்பர்

மூவர் மட்டும். ஏஸும் ஐந்தும் வந்தன, ஆன்டோ ஏற்றினார். கடைசிவரை ஈடு கொடுத்தேன். அவரிடம் ஏஸும் ராஜாவும். தோற்றேன். யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் உறுத்தியது.

மாலையில் போர் மோட்டாரைப் போட்டு, தம்பி வயல் பக்கம் மடையை வெட்டிவிட்டேன். குத்தகை எடுத்த ஐயாவு வரப்போடு ஓடிவந்தார்.

"தண்ணி நான் கேக்கலையேங்க. நேத்துப் பேஞ்சதே இன்னும் வடியல."

மடையை நானே அடைத்துவிட்டு வந்தேன்.