ஹாட்யாயில் தின்ற நண்டு

ஞாயிறு இரவு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம்.

மலிவாக வேன் கிடைத்தால் எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவேன், போவதே சாப்பிடத்தான். பால்குடத்துக்கு விரதம் இருந்துகொண்டே இந்த முறை எல்லை தாண்டி ஹாட்யாய் போனேன். தோழிகள் நண்டு வாங்கினார்கள். ஓட்டைக்கூட விடாமல் உறிஞ்சினேன். பியரும் குடித்தேன்.

வீடு திரும்பியபோது அப்பா எனக்கென்று தனிச் சட்டியில் சாம்பார் வைத்திருந்தார்.

"பாவம் லா, அங்க ஒனக்கு ஒன்னும் கெடைச்சிருக்காது."

"பழந்தான்பா" என்றேன்.

அவர் தட்டிலும் சாம்பார்தான். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர்.

"மீன் வாங்கலயாப்பா?"

"நீ வெரதம் இருக்க. நான் மட்டும் எப்படிம்மா திங்கிறது? நீ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நானும் தொடல."

பசித்தவள்போல இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பால்குடத்தை என் தலையில் தூக்கி வைக்கப்போவதும் அவர்தான்.